மல்லி ஆணா, பெண்ணா?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 58. கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் இருபது வருடத்துக்கு மேல் சைஸாக, அதாவது குதிரைகளைப் பார்த்துக்கொள்பவனாக, இருந்தேன். 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் முடிந்த பிறகு ஒரு சவாரிப் பள்ளி லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே என் பொறுப்பில் மல்லி என்று ஒரு போனி, சின்ன வகைக் குதிரை, இருக்கிறது. ஐந்து வயது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பத்திரத்தில் பெண் என்று போட்டிருக்கிறது. ஆனால் பெட்டைக் குதிரை மாதிரி நடக்கவில்லை. மற்றப் பெட்டைகளை வளைத்து வளைத்து ஓட்டுகிறது. கழுத்தை வளைத்துக்கொண்டு கத்துகிறது. சாணம் கிடக்கும் இடத்துக்கே போய் அதன்மேல் சாணம் போடுகிறது. போன மாதம் ஒரு பெட்டைமேல் ஏறியேவிட்டது. வாலுக்குக் கீழே கட்டைவிரல் அளவுக்கு ஏதோ துருத்திக்கொண்டு நிற்கிறது. சிறுநீர் பின்பக்கமாக மேல்நோக்கிப் பீய்ச்சி அடிக்கிறது. ஒருத்தர் 'இது விதை இறங்காத ஆண்' என்கிறார். இன்னொருத்தர் 'கருப்பையில் கட்டி' என்கிறார். வயதான கூட்டாளி ஒருத்தர் 'சுழி சரியில்லை' என்கிறார். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக முதலாளி சொல்கிறார். அவருடைய 12 வயது மகள் மல்லிமேல்தான் சவாரி பழகுகிறாள். மல்லி ஆணா, பெண்ணா? என்ன செய்வது? இது என் தப்பா?

பெயர் வேண்டாம், சிங்கப்பூர்

பதில்:

வணக்கம் ஐயா.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. இது உங்கள் தப்பு இல்லை. செல்லம் கொடுத்த குதிரை சட்டைப்பையில் கேரட் தேடும். தலையால் தோளை இடிக்கும். குளம்பைச் சுத்தம் செய்யக் காலைத் தூக்கினால் பாரத்தையெல்லாம் நம்மேல் சாய்த்துவிட்டுச் சொகுசாக நிற்கும். செல்லத்தின் வேலை அவ்வளவுதான். கிடக்கிற சாணத்தை முகர்ந்து, அதன்மேலேயே சாணம் போட்டு, திரும்பி நின்று மறுபடி முகர்ந்து பார்ப்பது செல்லத்தால் வருவதில்லை. 'இது என் இடம்' என்று ஆண் குதிரை அறிவிக்கும் முறை அது. எந்த சைஸும் எந்தக் குதிரைக்கும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. மல்லியின் ரத்தத்தில் ஆண் ஹார்மோன் ஓடுகிறது என்றே நினைக்கிறேன். அது உடம்பில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குதிரையின் உடம்பில் முடி சுழன்று வளரும் இடமான சுழியைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கூட்டாளியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். சுழி பார்க்கப் பழகிய கண் நல்ல கண். மல்லியோடு வந்த அடையாளப் பத்திரத்தில் குதிரைப் படம் வரைந்து, நெற்றியிலும் கழுத்திலும் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் போட்டிருக்கும். அவை சுழிகள்தான். நமக்குக் கைரேகை மாதிரி, ஒரு குதிரையை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல நாங்களும் அதைத்தான் பார்க்கிறோம். இது எந்தக் குதிரை என்று சுழி சொல்லும். அதன் குணத்தையும் பாலையும் சுழியால் சொல்ல முடியாது.

சரி, மல்லி ஆணா, பெண்ணா?

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது ஐயா. மழுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு குதிரையின் பாலை மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். ஒன்று குரோமோசோம். இரண்டாவது, வயிற்றுக்குள் இருப்பது விதையா, சினைப்பையா என்பது. மூன்றாவது வெளித்தோற்றம். பெரும்பாலான குதிரைகளில் மூன்றும் ஒரே பதிலைத் தரும், அதனால் நாம் வெளியே மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். சில குதிரைகளில் வெளித்தோற்றம் ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறொன்று சொல்லும். இவற்றைத்தான் இடைப்பால் என்கிறோம். அது நோயும் இல்லை, தோஷமும் இல்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை. லாயத்தில் யாராவது மனிதர்களைக் கேலி செய்கிற சொல்லால் மல்லியைக் கூப்பிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். மல்லிக்குப் புரியாது. பக்கத்தில் நின்று கேட்கிற ஒரு பிள்ளைக்குப் புரியலாம்.

எப்படி இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். குதிரைக்கு 64 குரோமோசோம்கள். அவற்றில் பெட்டைக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். கருவின் ஆரம்ப நாள்களில் இரண்டுக்கும் உறுப்பு ஒன்றேதான், விதையும் இல்லை, சினைப்பையும் இல்லை. ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு வேலை செய்தால் அது விதையாகிறது. விதை உருவானதும் மூன்று காரியம் நடக்க வேண்டும். அது சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஆண் உறுப்புகளை உருவாக்குகிறது. ஏஎம்ஹெச் என்ற இன்னொரு ஹார்மோன், கருப்பையாக வேண்டிய குழாய்களைக் கரைத்துவிடுகிறது. மூன்றாவதாக, வயிற்றுக்குள் சிறுநீரகத்தின் பக்கத்தில் பிறந்த அந்த விதை கீழே இறங்கி, தொடையிடுக்கு வழியாக விதைப்பைக்கு வந்து சேர வேண்டும். இந்தப் பயணத்தில் எந்த இடத்தில் தடுக்கிறது என்பதைப் பொறுத்துப் பிறக்கிற குட்டி மாறுகிறது.

முதலில் 'விதை இறங்காத ஆண்' என்று சொன்னவரின் யோசனையை எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னதில் பாதி சரி என்று பிறகு தெரியும்.

குதிரையில் ஓர் அதிசயம் உண்டு. வயிற்றில் இருக்கும் குட்டியின் விதைகள், பதினொரு மாதக் கர்ப்பத்தின் நடுவில், வேறெந்தப் பிராணியிலும் எளிதில் காணாத அளவுக்குப் பெரிதாகின்றன. தாயின் சினைப்பையைவிடக்கூடப் பெரிதாக இருக்கும். பிறகு கடைசி மாதங்களில் சுருங்குகின்றன. சுருங்கினால்தான் வயிற்றிலிருந்து தொடையிடுக்குக்குப் போகும் குறுகிய வாசல் வழியாக வெளியே வர முடியும். சாதாரணமாக, பிறப்பதற்கு முந்திய ஒரு மாதத்திலிருந்து பிறந்த பத்து நாள்களுக்குள் இறங்கிவிடும். அதன்பின் வாசல் குறுகிவிடும். உள்ளேயே தங்கிவிட்ட விதை அதற்குமேல் இறங்காது. வாசலைத் தாண்டித் தொடையிடுக்கில் நிற்கும் விதை மட்டும் இரண்டு மூன்று வயதுக்குள் சில சமயம் இறங்கும்.

உள்ளே தங்கிய விதைக்கு உடம்பின் சூடு ஒத்துக்கொள்ளாது. குதிரையின் உடல் வெப்பம் 38 டிகிரியை ஒட்டியிருக்கும். விந்தணு உருவாக விதை அதைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அதனால்தான் அது வெளியே தொங்குகிறது. உள்ளே இருக்கும் விதை சின்னதாக, தொளதொளவென்று, விந்தணு இல்லாமல் இருக்கும். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதை அது நிறுத்துவதில்லை. குட்டி போட வைக்க முடியாத குதிரை, குணத்தில் முழு ஆண் குதிரை. ஆஸ்திரேலியக்காரர்கள் இதை 'ரிக்' என்பார்கள். கிராஞ்சியிலும் அந்தச் சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். சிங்கப்பூரில் பந்தயக் குதிரைகளைப் பிறப்பித்து வளர்க்கும் தொழில் இருக்கவில்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்தவை, ஏராளமானவை காயடிக்கப்பட்டவை. 2011இல் துபாய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தை வென்ற நம் ராக்கெட் மேன்கூடக் காயடித்த குதிரைதான். அதனால் நீங்கள் கையாண்ட ஆண் குதிரைகளில் பெரும்பாலானவை சாந்தமாக இருந்திருக்கும். மல்லியின் போக்கு உங்களுக்கு இவ்வளவு அதிர்ச்சியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படிப்பு முடித்துப் பயிற்சியில் இருந்தபோது வெளிநாட்டில் ஒரு லாயத்துக்கு ஐந்து வயதுக் குதிரை ஒன்று வந்தது. காயடித்தது என்று பத்திரம். விதைப்பையில் பழைய தழும்பும் இருந்தது. வந்த மூன்றாம் வாரம் வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு பெட்டைமேல் ஏறியது. லாயக்காரர் 'கெட்ட பழக்கம்' என்று சாட்டையை எடுத்தார். எங்கள் ஆசிரியர் ரத்தம் எடுத்தார். விதையைத் தூண்டும் ஹெச்சிஜி என்ற ஊசியைப் போட்டு, முன்னும் பின்னும் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனை அளந்தோம். ஊசிக்குப் பிறகு அளவு பல மடங்கு ஏறியது. விதை இல்லாத உடம்பில் அது ஏறாது. விற்றவர் வெளியே தெரிந்த ஒரு விதையை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, காயடித்த குதிரை என்று விலை பேசிவிட்டார். எனக்கு இன்றும் கோபம் வருகிற காரியம் இது. இறங்கிய விதையை முதலில் எடுக்கக் கூடாது. இறங்காததைத் தேடி எடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

அறுவை நாளில் தொடையிடுக்கைத் திறந்ததும், இளஞ்சிவப்பாக, முறுக்கிய கயிறு மாதிரி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்று தட்டுப்பட்டது. 'இதோ' என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆசிரியர் அதை வாங்கித் தட்டில் வைத்து, நீளவாக்கில் கீறச் சொன்னார். கீறினேன். உள்ளே மெல்லிய குழாய்கள்தான், விதையின் சதை இல்லை. அது விதையோடு ஒட்டியிருக்கும் குழாயின் வால் மட்டும். விதை இன்னும் வயிற்றுக்குள் இருந்தது. நான் அன்று அதை விதை என்று நம்பித் தைத்து மூடியிருந்தால், அந்தக் குதிரை இரண்டாம் முறையும் 'காயடித்தது' என்ற பொய்யோடு வெளியே போயிருக்கும். அந்தக் குழாயைப் பிடித்து மெதுவாக இழுத்தபோது, பின்னால் விதை வழுக்கிக்கொண்டு வந்தது, பிஞ்சுக் கத்தரிக்காய் அளவுகூட இல்லை. வெளியே எடுத்ததை வெட்டிப் பார்க்காமல் அன்றிலிருந்து நான் காயத்தை மூடியதில்லை.

இனி மல்லிக்கு வருவோம். மல்லி ரிக் இல்லை. ஏனென்றால் ரிக்குக்கு விதை மட்டும்தான் இடம் மாறியிருக்கும். ஆண்குறியும் அதன் உறையும் வயிற்றின் கீழே, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு யாரும் பத்திரத்தில் பெண் என்று எழுதமாட்டார்கள். மல்லிக்கு வாலுக்குக் கீழே பெண் குறி இருக்கிறது. அதற்குள்ளிருந்து ஒன்று துருத்துகிறது. சிறுநீர் பின்னால் மேல்நோக்கி அடிக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட வரி அதுதான். எத்தனையோ பேர் பார்த்தும் சொல்லாமல் விடுகிற விஷயம்.

இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது இது. குரோமோசோம் பெட்டையுடையது, இரண்டு எக்ஸ். எஸ்ஆர்ஒய் மரபணு இல்லை. இருந்தும் எப்படியோ உள்ளே சினைப்பைக்குப் பதிலாக விதை உருவாகிவிடுகிறது. அந்த விதை இறங்குவதும் இல்லை, வயிற்றிலோ தொடையிடுக்கிலோ நின்றுவிடும். அது சுரக்கிற ஹார்மோனால் பெட்டையின் கிளிட்டோரிஸ், அதாவது பெண் குறிக்குள் இருக்கும் சின்ன மொட்டு, வளர்ந்து சின்ன ஆண்குறிபோல் ஆகிவிடுகிறது, பெண் குறியும் வழக்கமான இடத்தைவிடச் சற்றுக் கீழே தள்ளி அமைகிறது. வயது வந்ததும் குணம் ஆண் குதிரையின் குணம். உங்கள் லாயத்தில் 'விதை இறங்காத' என்று சொன்னவர் ஒருவிதத்தில் சரியாகத்தான் சொன்னார். 'ஆண்' என்று சேர்த்ததுதான் அவசரம்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வகையும் உண்டு. குரோமோசோம் ஆணுடையது, எக்ஸ்ஒய். விதையும் உள்ளே இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோனும் வேண்டிய அளவு சுரக்கிறது. ஆனால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய செல்களில் ஏற்பி பழுது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அந்தக் கதை. உடம்பு வெளியே பெட்டையாகவே வளர்கிறது. கருப்பை இருக்காது, யோனி பாதியில் மூடியிருக்கும். இந்தக் குதிரைகளும் ஆண் குதிரைபோல நடந்துகொள்வதைப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பழுது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய்வழி வரும். ஆனால் முழுமையாகப் பழுதான வகையில் வெளி உறுப்பு பெரும்பாலும் சாதாரணப் பெட்டையுடையதுபோலத்தான் இருக்கும், மல்லிக்கு இருப்பதுபோல் துருத்திக்கொண்டிருக்காது. அதனால் இதை இரண்டாவதாக வைக்கிறேன்.

மூன்றாவது, 'கட்டி' என்று சொன்னவரின் யோசனை. அதை ஒதுக்கக் கூடாது. கருப்பையில் இல்லை, சினைப்பையில் வரும் கட்டி. பெட்டைக் குதிரையின் சினைப்பையில் வருகிற கட்டிகளில் அடிக்கடி காணப்படுவது ஹார்மோன் சுரக்கும் இந்த வகைதான். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும், மற்றச் சினைப்பை சுருங்கிக் கிடக்கும், பெரும்பாலும் பரவாது. கட்டி ஆண் ஹார்மோனைச் சுரந்தால் நல்ல பெட்டைகூட ஆண் குதிரைபோல மாறும். எடுத்துவிட்டால் சில மாதங்களில் பழையபடி பருவத்துக்கு வரும். இதைப் பிரித்தறிய உங்களால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: மல்லி வந்த நாளிலிருந்தே இப்படியா, அல்லது முன்பு பருவத்துக்கு வந்து, வாலைத் தூக்கி நின்று, பிறகு மாறியதா? பெட்டைக்கு 21 நாளுக்கு ஒருமுறை பருவம் சுற்றி வரும், ஐந்தாறு நாள் நீடிக்கும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், அதனால் குளிர்நாட்டில்போலக் குளிர்காலம் முழுக்கப் பருவம் நின்றுபோகும் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. ஒருமுறைகூட நீங்கள் பார்த்ததில்லை என்றால் கட்டியின் வாய்ப்பு குறைகிறது. அதோடு, கட்டி வந்து சிறுநீரின் திசை மாறுவதில்லை.

இன்னும் சில வகைகள் உண்டு. ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள, 63 குரோமோசோம் பெட்டைகள் இருக்கின்றன. அவை பருவத்துக்கு வராது, சினை பிடிக்காது, ஆனால் சாதுவானவை. மல்லி அப்படி இல்லை. மாடு வளர்த்தவர்கள் 'காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி மலடு' என்பார்கள். மாட்டுக்கு அது பெரும்பாலும் உண்மை. குதிரையில் இரட்டைக் குட்டிகளின் ரத்தம் கலந்தாலும் பெட்டைக் குட்டி கெடுவதில்லை. அதனால் மல்லி இரட்டையாகப் பிறந்ததா என்று தேடி அலைய வேண்டாம்.

சரி, என்ன பரிசோதனை? குதிரைகளைப் பார்க்கிற உரிமம் பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரை முதலாளி மூலமாகக் கூப்பிடுங்கள். அவர் லேசான மயக்க ஊசி போட்டு வெளி உறுப்பையும் யோனியின் நீளத்தையும் பார்ப்பார். ஸ்கேன் செய்வார். போனி சின்னது என்பதால் ஆசனவாய் வழியாகப் பார்க்கக் கை போகாமல் இருக்கலாம், அதை வற்புறுத்தவும் கூடாது, குடல் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. வயிற்றின் கீழிருந்தும் தொடையிடுக்கிலிருந்தும் ஸ்கேன் பார்க்கலாம். பிறகு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனமாக இருக்க வேண்டும். காயடித்த குதிரையில் விதை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஏஎம்ஹெச் சோதனை அருமையானது, விதை இல்லையென்றால் அந்த ஹார்மோன் இருக்காது. ஆனால் மல்லி மாதிரி ஒரு குதிரையில் அது ஏறியிருந்தால் விதையாகவும் இருக்கலாம், சினைப்பைக் கட்டியாகவும் இருக்கலாம். இரண்டுமே அதைச் சுரக்கும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு யாராவது முடிவு சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஸ்கேனையும் குரோமோசோம் சோதனையையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

எஸ்ஆர்ஒய் மரபணு இருக்கிறதா என்று பார்க்க, பிடரியிலிருந்து வேரோடு பிடுங்கிய இருபது முப்பது முடி போதும். கத்தரியால் வெட்டிய முடி உதவாது, வேரில்தான் டிஎன்ஏ இருக்கிறது. குரோமோசோமை எண்ண வேண்டுமென்றால் உயிருள்ள ரத்த செல் வேண்டும். ரத்தம் உறையாதபடி மருந்து போட்ட சோதனைக் குழாயில் எடுத்து, குளிர்ச்சியாக வைத்து, ஆனால் ஐஸாக உறையவிடாமல், விரைவாக ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் குதிரைகளுக்கு இதைச் செய்கிறது. அனுப்புகிற அனுமதிகளை மருத்துவர் பார்த்துக்கொள்வார். முதலாளி செலவைப் பார்த்துத் தயங்கினால், குரோமோசோம் சோதனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மல்லியின் நிம்மதிக்கு உடனே வேண்டியது உள்ளே என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்ற பதில்தான்.

உள்ளே விதை இருப்பது உறுதியானால் எடுத்துவிடலாம், எடுப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. இந்தக் குதிரைக்குக் குட்டி பிறக்கப்போவதில்லை. வயிற்றில் தங்கிய விதையில் சில சமயம் கட்டியும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்க்க முடியாத ஓர் உந்துதலோடு அந்தப் பிராணி நாள் முழுக்கத் தவிக்கிறது. இப்போதெல்லாம் குதிரையை நிற்கவைத்தே, மயக்க மருந்தும் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்து, விலாவில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்து எடுக்கிறார்கள். அதற்கு முன் ஒரு நாளுக்கு மேல் தீனி நிறுத்த வேண்டியிருக்கும். அந்த ஒரு நாள் உங்களுக்குத்தான் கஷ்டம், மல்லி வாளியைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஹார்மோன் சில நாள்களில் வடிந்துவிடும். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது, சில வாரம், சில மாதம்கூட ஆகலாம். நன்றாகக் காயடித்த குதிரைகளிலேயே சில கடைசிவரை பெட்டைகளைத் துரத்தும். எனவே அறுவை முடிந்த மறுநாளே மாறவில்லையே என்று யாரும் உங்களைக் கேட்கக் கூடாது. துருத்திக்கொண்டிருக்கும் உறுப்பை, புண்ணாகாமல் இருக்கிறவரை, அப்படியே விட்டுவிடலாம். பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பிராணியின் உடம்பை வெட்ட வேண்டாம்.

அந்த இடத்தைப் பற்றி ஒரு விஷயம். சிறுநீர் மேல்நோக்கி அடித்தால் பின்தொடை நனைந்துகொண்டே இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் தோல் வெந்துபோகும், ஈ மொய்க்கும். தினமும் இரண்டு வேளை வெறும் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி, காய்ந்த பிறகு மெல்லியதாக வாசலின் தடவுங்கள். சோப்பு வேண்டாம். கழுவும்போது பக்கவாட்டில், இடுப்போடு ஒட்டி நில்லுங்கள், பின்னால் நிற்காதீர்கள். உங்கள் அனுபவத்துக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் 'இது பெட்டைதானே' என்ற நினைப்பு கையைக் கொஞ்சம் அசட்டையாக்கிவிடும். முடிவு தெரிகிறவரை மல்லியை ஆண் குதிரை என்றே நினைத்துக் கையாளுங்கள். தலைக்கவசம், கையுறை, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, பெட்டைகள் கட்டியிருக்கும் வழியாக நடத்திக்கொண்டு போகக் கூடாது.

முதலாளியின் மகள் இப்போதைக்கு வேறு போனியில் பழகட்டும். மல்லி கெட்டது என்பதால் இல்லை. 12 வயதுப் பிள்ளை முதுகில் இருக்கும்போது பக்கத்துப் பெட்டை பருவத்துக்கு வந்திருந்தால், மல்லிக்குக் கடிவாளமும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புரியும்: மல்லியின் உடம்பு கொஞ்சம் வேறுமாதிரி, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், குணமாக நாள் ஆகும். அவள் கேட்டைத் தாண்டி நின்று கேரட் கொடுக்கட்டும், மல்லியோடு உள்ள சொந்தம் விட்டுப்போக வேண்டாம்.

பத்திரத்தையும் மறக்க வேண்டாம். முடிவு எதுவானாலும் மருத்துவரின் அறிக்கையை மல்லியின் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். என்றைக்காவது விற்றாலோ வேறு லாயத்துக்குக் கொடுத்தாலோ, வாங்குகிறவருக்கு எழுத்தில் தெரிய வேண்டும். மறைத்துக் கைமாறுகிற குதிரைதான் கடைசியில் சாட்டைக்கு இரையாகிறது. அதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

இன்றைக்கே செய்யக்கூடியது இரண்டு. மல்லியின் அறையைப் பெட்டைகளிடமிருந்து தள்ளி, காயடித்த குதிரைகள் இருக்கும் வரிசைக்கு மாற்றுங்கள். தனியாக ஒரு மூலையில் அடைக்காதீர்கள், துணை இல்லாத குதிரை இன்னும் கெடும். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எத்தனை மணிக்கு, எந்தக் குதிரையைப் பார்த்து, என்ன செய்தது, சிறுநீர் எப்படிப் போனது என்று இரண்டு வாரம் எழுதுங்கள், முடிந்தால் போனில் படமும் எடுங்கள். மருத்துவர் வரும் நாளில் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது அந்த நோட்டை மருத்துவர் கையில் கொடுங்கள்.